ஃபார்மேட் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

செமஸ்டர் பரீட்சை முடிந்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். மாணவன். கம்ப்யூட்டர் என் பாடம் கிடையாது. ஆனால் ஒரு லேப்டாப் என்னை இரண்டு மாதம் தூங்க விடாமல் அடித்ததால், வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டது இது.

மேட்டர் இதுதான். லேப்டாப் அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனால் நம்மூரில் கிடைக்கும் முதல் வைத்தியம் "ஃபார்மேட் போட்டுறலாம் தம்பி". காய்ச்சலா, ஊசி போடு என்கிற மாதிரி. பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் அது பெரிய பாவம் இல்லை. எஸ்எஸ்டி வந்த பிறகு அது பாவம்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் என் கதையைக் கேளுங்கள்.

எங்களுக்கு ஆதனக்கோட்டைப் பக்கம். தஞ்சாவூர் - புதுக்கோட்டை ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் முந்திரி வறுத்து விற்பார்கள். என் மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) முந்திரிப்பருப்பு மொத்த வியாபாரம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது தோப்பில் மரங்களும் போயின, கடை ஓடும் போயிற்று, நாலு வருஷக் கணக்கு நோட்டும் ஊறிக் கூழாகிப் போயிற்று. யார் எவ்வளவு பாக்கி என்பதற்கு ஆதாரமே இல்லை. அதற்குப் பிறகுதான் மாமா நோட்டை விட்டு டேலிக்கு வந்தார். "கம்ப்யூட்டர்ல இருந்தா நனையாதுல்ல மாப்ள" என்பார். நான் பி.காம். சேர்ந்ததும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சாயங்காலம் கடைக்குப் போய் பில் ஏற்றுவது, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது.

லேப்டாப் செகண்ட் ஹேண்ட். வாங்கும்போது உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டியிருந்தோம். பிறகு வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மாமா வாசலில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆன் பண்ணிக் காட்டினார் :-)

2025 ஆகஸ்ட் முதல் வாரம். ஜூலை மாத பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று எல்லாம் நின்றது. மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து நீலத்திரை. தானாக ரீஸ்டார்ட் ஆகி, "பூட் செய்ய டிரைவ் எதுவும் இல்லை" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முழுதாக ஆஃப் பண்ணிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்து நிற்கிறது! அன்று இரவே இன்னும் மூன்று தடவை இதே கூத்து.

மறுநாள் புதுக்கோட்டையில் ஒரு சர்வீஸ் கடை. அந்த அண்ணன் ஆன் பண்ணிப் பார்த்தார், அப்போது ஒழுங்காக ஓடியது. "வைரஸா இருக்கும். ஃபார்மேட் போட்டுறலாம்." 500 ரூபாய். "டேட்டா ஏதும் வேணுமா தம்பி?" என்று கேட்கத்தான் செய்தார், அவர் மேல் தப்புச் சொல்லக்கூடாது. டேலி ஃபோல்டரை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் எடுத்து வைத்தது டெஸ்க்டாப்பில் கிடந்த பழைய காப்பி. நிஜமான டேட்டா வேறு ஃபோல்டரில் இருந்தது. சாயங்காலம் திறந்து பார்த்தால் ஜூன் கடைசியோடு கணக்கு நிற்கிறது.

"ரிகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துரலாம்" என்று நண்பன் ஒருவன் தெம்பூட்டினான். இங்கேதான் நான் முதல் பாடம் படித்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மேட் போட்டால் பெரும்பாலும் பொருளடக்கம்தான் கிழிகிறது, பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. மேலே புதிதாக எழுதாதவரை தோண்டி எடுக்க முடியும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. அதில் பழைய செய்தியின் மேலேயே புதியதை எழுத முடியாது, முதலில் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதனால் எந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் முன்கூட்டியே டிரைவுக்குச் சொல்லிவிடும். இதற்கு டிரிம் என்று பெயர். விண்டோஸ் 7இல் இருந்தே இது உண்டு. ஃபார்மேட் போட்டால் "மொத்த இடமும் தேவையில்லை" என்று செய்தி போகிறது. டிரைவ் தன் பாட்டுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டே இருக்கும். ரிகவரி சாஃப்ட்வேரை இரவு முழுக்க ஓட விட்டேன். கிடைத்தது பூஜ்யம்.

நனையாது என்று நம்பிய கணக்கு, மழையே இல்லாமல் போயிற்று. மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "பில்லு எல்லாம் கம்பியில குத்தித்தானே வச்சிருக்கோம், மறுபடி ஏத்திரலாம்" என்றார். இரண்டு இரவு உட்கார்ந்து காகித பில்களையும், போர்ட்டலில் இருந்த இ-வே பில்களையும் வைத்து ஜூலையைத் திரும்பக் கட்டினோம். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால் நம்மிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு அந்த மாத வரவில் வரி வராது, அவர்கள் போன் பண்ணியே கொன்றுவிடுவார்கள். 11ஆம் தேதி இரவு போட்டு முடித்தோம். அப்பாடா!

அப்பாடா என்று சொல்லி ஒன்பது நாள்தான். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போட உட்கார்ந்தால் மறுபடி அதே உறைதல், அதே நீலத்திரை. வேறு இடத்தில் போய் 22ஆம் தேதி போட்டோம். நாளுக்கு 50 ரூபாய் வீதம் 100 ரூபாய் தாமதக் கட்டணம், கூடவே 18 சதவீத வட்டி இரண்டு நாளுக்கு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாமா அதுவரை ஒரு தடவைகூடத் தாமதமாகக் கட்டியதில்லை.

அந்த வாரம்தான் இணையம் முழுக்க ஒரு செய்தி ஓடியது. மைக்ரோசாஃப்ட் ஆகஸ்ட்டில் விட்ட விண்டோஸ் 11 அப்டேட் (கேபி 5063878) எஸ்எஸ்டிகளைக் கொல்கிறது, பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதினால் டிரைவே காணாமல் போகிறது என்று ஜப்பானில் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று. "ஆஹா, குற்றவாளி கிடைத்துவிட்டான்" என்று குதித்தேன். வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, எங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10! (சிரிக்காதீர்கள்.) அந்தச் செய்தியும் பிறகு பிசுபிசுத்தது. டிரைவ்களின் கன்ட்ரோலர் சில்லைச் செய்யும் பைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தப் பிரச்சினையை வரவழைக்க முடியவில்லை என்றது. மைக்ரோசாஃப்ட்டும் அப்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று அறிவித்தது.

அதற்காக எஸ்எஸ்டிகள் எல்லாம் உத்தமர்கள் என்று நினைக்க வேண்டாம். எஸ்எஸ்டி என்பது வெறும் நினைவுச் சில்லு இல்லை. அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து எந்தச் செய்தி எந்த அறையில் என்று பேரேடு எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் போதும். குரூசியல் எம்4 என்று ஒரு டிரைவ் இருந்தது. மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் பதில் சொல்வதை நிறுத்திவிடும். ஆஃப் பண்ணிப் போட்டால் சுமார் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி நிற்கும். 5,184 மணி என்றால் சரியாக 216 நாள். அதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய லேப்டாப் ஒரு நாள் திடீரென்று மணிக்கொரு தடவை விழுந்தால், அந்த ஆள் எத்தனை ஃபார்மேட் போட்டிருப்பார், பாவம்! 2012 ஜனவரியில் புது ஃபர்ம்வேர் விட்டுச் சரி செய்தார்கள். டேட்டா போகவில்லை. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் அறிவித்தது இதைவிடக் கொடுமை. அவர்கள் சர்வர்களில் இருந்த சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஆனதும் டேட்டாவோடு சேர்ந்து செத்துவிடும், மீட்கவே முடியாது என்றார்கள். அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஜாதகம் எழுதினாற்போல! 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு, எண்ணும் பெட்டி நிரம்பி வழிகிற இடம். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770 போன்ற டிரைவ்களில் நீலத்திரை வந்தது. இந்த டிரைவ்கள் கம்ப்யூட்டரின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கி வேலை செய்பவை. பழைய விண்டோஸ் 64 எம்பி கொடுத்தது, புதியது கேட்ட 200 எம்பியையும் கொடுத்தது, டிரைவ் தடுமாறியது. அதற்கும் மருந்து ஃபர்ம்வேர்தான்.

இந்த மூன்றில் எதற்காவது ஃபார்மேட் உதவியிருக்குமா? ஒன்றுக்கும் இல்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது கடை. "எஸ்எஸ்டிக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு, மாத்தணும்." 1,900 ரூபாய்க்குப் புதிது மாட்டினோம். இந்த "ஆயுசு" என்கிற சொல்லில்தான் எனக்கு என் பாடம் ஞாபகம் வந்தது. தேய்மானம்! நிறுவனங்கள் சட்டம் 2013, அட்டவணை 2இன்படி லேப்டாப்பின் பயன்படு காலம் 3 வருஷம். வருஷக் கணக்கில் தேய்ப்பது ஒரு முறை. ஆனால் எவ்வளவு உற்பத்தி செய்ததோ அந்த அளவுக்குத் தேய்ப்பது இன்னொரு முறை, சுரங்க இயந்திரங்களுக்கெல்லாம் கணக்கு போடுவோமே, அது. எஸ்எஸ்டி தேய்வது இந்த இரண்டாவது முறையில்தான். எத்தனை வருஷம் என்பதைவிட எவ்வளவு எழுதினோம் என்பதே கணக்கு. சாம்சங் 870 ஈவோவின் 250 ஜிபி டிரைவுக்கு 150 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் கொடுக்கிறார்கள். தினம் 20 ஜிபி எழுதினாலும் 7,500 நாள், இருபது வருஷத்துக்கு மேல். மாமா கடையில் தினம் 20 ஜிபிக்கு எங்கே போவது? முந்திரிக்கொட்டையைத்தான் ஸ்கேன் பண்ண வேண்டும்.

சந்தேகம் சரிதான். புது எஸ்எஸ்டி போட்டும் செப்டம்பர் நடுவில் மறுபடி விழுந்தது.

இந்த முறை கடைக்குப் போகவில்லை. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு. அதில் ஒவ்வொரு தடவையும் "கெர்னல்-பவர் 41" என்று இருந்தது. அது "ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது, காரணம் சொல்லாது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் "129" என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள். டிரைவிடம் கேள்வி கேட்டு, பதில் வராமல், அதைத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறது விண்டோஸ். நீலத்திரை வரும்போது காரணத்தைக் குறித்து வைக்கும் டம்ப் ஃபைல் ஒன்றுகூட இல்லை. யோசித்தால் நியாயம்தான், எழுதி வைக்க வேண்டிய டிரைவே அந்த நேரத்தில் இல்லையே!

பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். டிரைவ் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேட்டை (ஸ்மார்ட் என்பார்கள்) படித்துக் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதியது, எத்தனை முறை கரண்ட் போய் அணைந்தது எல்லாம் இருக்கும். புது டிரைவில் ஆரோக்கியம் 100 சதவீதம். ஆனால் சி7 என்ற வரியில், சிஆர்சி பிழை எண்ணிக்கை 37. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பழைய எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பார்த்தேன். அதற்கும் ஆரோக்கியம் 96 சதவீதம், சி7 மட்டும் 412.

சிஆர்சியை மாமாவுக்கு இப்படித்தான் விளக்கினேன். கடையிலிருந்து மூட்டை அனுப்பும்போது எடையைச் சீட்டில் எழுதி அனுப்புகிறோம். இறங்கும் இடத்தில் திரும்ப நிறுக்கிறார்கள். எடை ஒத்துப் போகவில்லை என்றால்? "கடையில நம்ம தராசு சரி, அங்க அவன் தராசு சரின்னா லாரியிலதான் போயிருக்கு" என்றார் மாமா. அதேதான். டிரைவும் சரி, மதர்போர்டும் சரி, நடுவில் இருக்கும் கேபிள்தான் லாரி. இரண்டு வெவ்வேறு டிரைவிலும் அதே எண் ஏறுகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவானது அந்த ஒரு கேபிள்தான்.

கழற்றிப் பார்த்தேன். உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு நேர் கீழே டிரைவ். அதிலிருந்து போகும் தட்டையான கேபிள் மடிப்பில் வெளிறி, லேசாகக் கீறியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, கை ஊன்றி வேகமாக பில் ஏற்றும்போது மட்டும் ஏன் விழுந்தது, கடைக்காரர் மேசையில் ஏன் சாதுவாக ஓடியது என்று. திருச்சியில் பழைய லேப்டாப் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் அதே கேபிள் 350 ரூபாய். அக்டோபர் முதல் இன்றுவரை ஒரு தடவைகூட விழவில்லை.

கடைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கணக்கைப் பாருங்கள். ஃபார்மேட்டுக்கு 500 ரூபாய் நாம் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். "ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், கேபிள் கோளாறு, பார்த்ததுக்கு 200 கொடுங்க" என்றால் சண்டைக்குப் போகிறோம். "சும்மா பார்த்ததுக்கு எதுக்குண்ணே காசு?" பார்ப்பதற்கு விலை பூஜ்யம், ஃபார்மேட்டுக்கு விலை 500 என்றால் எந்தக் கடைக்காரர்தான் உட்கார்ந்து பார்ப்பார்? நானே அப்படிக் கேட்டவன்தான். இப்போது லேப்டாப்பை நீட்டும்போதே "பார்க்கிறதுக்கு 200 தர்றேன், ஆனா ஸ்மார்ட் ரீடிங்கைக் காட்டிட்டு அப்புறம் கை வைங்க" என்கிறேன். ஒரு அண்ணன் என்னை விநோதமாகப் பார்த்தார். இன்னொருவர் சந்தோஷமாக நாற்காலி போட்டார்.

இது ஏதோ என் மாமா கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது உள்ளே இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். சாகும் முன் டக் டக் என்று சத்தமாவது போடும். 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த லேப்டாப்களில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே முதல் கம்ப்யூட்டர் அதுதான். புராஜெக்ட், சர்டிபிகேட் ஸ்கேன், தங்கச்சியின் போட்டோ எல்லாம் அதற்குள். எஸ்எஸ்டி சத்தம் போடாது. ஏதாவது ஒரு நாள் உறையும், "ஃபார்மேட் போடு மச்சி" என்று யாராவது சொல்வார்கள், டிரிம் வந்து துடைத்துவிட்டுப் போகும். வாரண்டி இருக்கிறதே என்றால், வாரண்டியில் புது டிரைவ் வரும். உள்ளே இருந்தது வராது.

இன்னொரு விஷயம். புது லேப்டாப்களில் இருக்கும் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால், டிரைவைத் தானாகவே பூட்டி வைக்க வாய்ப்பு உண்டு. டிரைவைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டிப் படிக்கலாம் என்றால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். வகுப்பில் பல பேர் லேப்டாப் வந்த அன்று ஏதோ ஒரு ஈமெயிலைக் கொடுத்துவிட்டு பாஸ்வேர்டை மறந்துவிட்டார்கள். இப்போதே தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள். புது மாடல் என்விஎம்இ டிரைவில் நான் சொன்ன அந்த நாட்டு கேபிளும் கிடையாது, சி7 வரியும் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது உபரி இடம் எத்தனை சதவீதம் மீதி, டேட்டா பிழை எத்தனை என்ற இரண்டு வரிகள்.

பாட்டரி செத்த பழைய லேப்டாப்பை நேராக கரண்டில் ஓட்டுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போகும், போன கணமே லேப்டாப்பும் போகும். டிரைவ் தன் பேரேட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் விளக்கை அணைக்கிற மாதிரி அது. மாமா லேப்டாப்பின் பழைய டிரைவில் இப்படி அணைந்த எண்ணிக்கை 600ஐத் தாண்டியிருந்தது. நவம்பரில் பாட்டரி மாற்றிவிட்டோம்.

அந்தப் பழைய எஸ்எஸ்டி, "ஆயுசு முடிந்த" அந்த எஸ்எஸ்டி, யுஎஸ்பி பெட்டிக்குள் இருந்தபடி இப்போது கடைக் கணக்குக்கு பேக்கப். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு மாமாவே அதைச் செருகி காப்பி எடுக்கிறார், எடுத்து வீட்டு பீரோவில் வைக்கிறார். மாதம் ஒருமுறை ரிட்டர்ன் போட்டு முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார், "மாப்ள, அந்த 37 ஏறிருச்சா?"

ஏறவில்லை. அந்த எண் குறையாது, 37லேயே நிற்கிறது.

பி.கு: கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். 412 என்பது எனக்கு முதலில் "19சி" என்றுதான் தெரிந்தது, ஏதோ கோட் நம்பர் என்று நினைத்து ஒரு வாரம் கோட்டை விட்டேன். மெனுவில் மூல எண்கள் என்ற இடத்தில் 10 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.